படம் தெளிவில்லை

ஜனவரி 2

இந்த வருஷமும் டைரி வந்துவிட்டது. கூரியர்காரர் வாசலில் நின்றுகொண்டு "சங்கரகோமதி யாரு?" என்று கேட்டார். இந்த வீட்டில் இருப்பதே ஒருத்திதான், வேறு யாராக இருக்க முடியும் என்று கேட்க வாய்வரை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

சிவகாசியிலிருந்து வருகிறது. பிரித்தால் டைரி மட்டும் இருக்கும். கடிதம் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு அச்சகத்தில் பெரிய மிஷின் ஓட்டுகிறார். அவர் கையில் அடித்ததில் நல்ல காப்பி ஒன்றை வருஷா வருஷம் அனுப்புகிறார். என்ன அர்த்தத்தில் அனுப்புகிறார் என்று நான் கேட்டதில்லை, கேட்கிற அளவுக்குப் பேச்சும் இல்லை. இதோடு ஆறு டைரி. முந்தைய ஐந்தும் பீரோவில் இருக்கின்றன. எழுதவும் இல்லை, எடைக்குப் போடவும் இல்லை.

இதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் பக்கத்து முருகன் படத்தில் உதட்டுச் சிவப்பு உதட்டில் இல்லை. அரை மில்லி தள்ளிக் கன்னத்தில் நிற்கிறது. அவர் அடித்த டைரியில் இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததே இல்லை. நல்ல டைரி என்றால் எழுதி அழுக்காக்க மனசு வராது. இது பழுதான டைரிதானே.

யாராவது எடுத்துப் படித்தால் குழம்பக்கூடாது என்பதற்காக: எனக்கு நாற்பத்து மூன்று வயது. திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை. பிள்ளைகள் இல்லை. சர்க்கரை இல்லை. கண்ணாடியும் இல்லை. புருஷன் சிவகாசியில்.

ஜனவரி 6

என் வேலை படம் பார்ப்பது. சினிமாப் படம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து ஊர்களில் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சின்ன மையங்கள் இருக்கின்றன. அங்கே சர்க்கரைக்காரர்களை உட்காரவைத்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே நானும் மெர்லினும் அதைப் பார்த்துத் தரம் போடுவோம். பெயர் வராது. நம்பர், வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருஷமாகச் சர்க்கரை, எந்த ஊர் மையம், அவ்வளவுதான் வரும். பெயர் தெரிந்தால் பார்க்கிறவர் மனசு சாயும் என்று இப்படி ஒரு விதி.

திரையில் நாலு பொத்தான். பச்சை என்றால் அடுத்த வருஷம் வரலாம். மஞ்சள் என்றால் ஆறு மாதம். சிவப்பு போட்டால் அன்றைக்கே போன் போகும். வடக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் மறுநாளே மதுரையில் லேசருக்கு உட்கார வேண்டும். நாலாவது சாம்பல்: படம் தெளிவில்லை. அதைப் போட்டால், எங்களிடம் இருக்கிற பெரிய கேமராவில் மறுபடி எடுப்பதற்கு இங்கே வரச்சொல்லித் தேதி கொடுப்பார்கள். மூன்று வாரம் ஆகும்.

திங்கட்கிழமை காலையில் காத்திருக்கும் கூட்டத்துக்கு ஐந்து நிமிஷம் பேசுவதும் என் தலையில்தான். இன்று முன்வரிசையில் ஒருத்தர் க்ரீம் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே கேட்டார். அவருக்காகவே கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்.

"கண்ணுக்குள்ள ரத்தக்குழா நூலைவிடச் சன்னம். அதைச் சுத்தி நின்னு தாங்கிப் பிடிக்கதுக்குன்னே சில செல்லு இருக்கு. சர்க்கரை கூடிக்கூடி மொதல்ல சாகது அதுதான். பிடிமானம் போனா குழா ஒழுகும், பொறவு அடைச்சிக்கிடும். அடைச்ச எடத்துல உள்ள செல்லெல்லாம் பட்டினி. பட்டினி கெடக்கது சும்மா கெடக்குமா? எனக்கு ரத்தம் வேணும்னு தூது விடும். அந்தத் தூதுக்கு வெஜ்எஃப்னு பேரு. அது போய் பக்கத்துக் குழாயைத் தட்டும். தட்டுனா புதுசா குழா முளைக்கும். முளைச்சா நல்லதுதானன்னு நெனைப்பீங்க. அவசரத்துல முளைச்ச குழாய்க்குச் சுவரு கெட்டியா இருக்காது. ஒரு தும்மல் போதும், பொத்துக்கிடும். கண்ணு பூரா ரத்தம்."

பிஸ்கட்காரர் கையைத் தூக்கினார். "அப்பம் அந்தச் செல்லு வாயை மூடிக்கிட்டுக் கெடந்தா என்னம்மா?"

"பசிச்சவன் வாயை எப்படிய்யா மூடுவீங்க? அதுக்குத்தான் ஊசி. போற தூதை வழிலயே பிடிச்சி நிறுத்திரும்."

"கண்ணுக்குள்ளயா ஊசி?" என்று கேட்டுவிட்டு மிச்ச பிஸ்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மட்டில் இன்றைய பேச்சு வெற்றி.

ஜனவரி 9

மோட்டார் ரிப்பேர். "நாளைக்கு வாறேன்க்கா" என்றார் மெக்கானிக். இந்த ஊரில் நாளைக்கு என்றால் அது எந்த நாளைக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 14

தனி ஆளுக்குப் பொங்கல் வைப்பதில் ஒரு சிரமம். எத்தனை சின்னப் பாத்திரத்தில் வைத்தாலும் மிஞ்சுகிறது.

வெல்லம் நிறையப் போட்டேன். அவருக்கு முப்பத்து நாலு வயதில் சர்க்கரை வந்தது. அதற்குப் பிறகு அவர் இங்கே இருந்த ஆறு வருஷமும் இந்த வீட்டில் நான் வெல்லம் வாங்கியதில்லை. சோற்றைக் கிண்ணத்தில் அளந்து வைத்தேன். சட்டைப்பையைத் தடவினேன். கடலைமிட்டாய் அகப்பட்டால் அன்றைக்கெல்லாம் விசாரணை நடக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும் அவர் இலையிலிருந்து ஜிலேபியை எடுத்து என் இலையில் வைத்தேன். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "ஏட்டி, எனக்கு வீட்ல பொண்டாட்டி இல்ல. நர்ஸ்தான் இருக்கா. கண்ணைப் பாக்கே, காலைப் பாக்கே, சுகரைப் பாக்கே. ஒரு நாளாச்சும் என் முகத்தைப் பாத்திருக்கியா நீ?"

அடுத்த மாதம் சிவகாசியில் வேலை என்று போனார். முதலில் ஞாயிறுதோறும் வந்தார். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு டைரி மட்டும் வருகிறது.

நான் சொன்னதில் ஏதாவது தப்பு உண்டா? இல்லை. வேண்டுமானால் சொன்ன விதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் பண்டிகை நாள் என்பதால் ஒத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 20

பதினொன்றரை மணிக்கு ஒரு படம் வந்தது. சிவகாசி மையம். ஆண், 46. சர்க்கரை 12 வருஷம். வலது கண்.

எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும்.

ரத்தக்குழாய் ஓடுகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனாலும் அதை வைத்து இது இன்னார் என்று எங்களால் சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கில் பார்க்கிறோம். இந்தக் கண்ணை மட்டும் சொல்லலாம். நரம்பு வெளியேறுகிற மஞ்சள் வட்டத்தில் ஒரு குழாய் மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றித் தன் மேலேயே ஏறி இறங்கிப் போகும். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது ஒரே ஒருவரிடம். கல்யாணமான புதிதில், கேமரா பழகுவதற்கு ஆள் கிடைக்காமல் அவரைத்தான் உட்காரவைத்துப் பழகினேன். "தலையில இருக்கது பத்தாதுன்னு கண்ணுக்குள்ளயும் சுழியா எனக்கு?" என்று அந்த அறையே அதிரச் சிரித்தார் ஆவுடையப்பன். அவர் பெயரை எழுதி ரொம்ப நாளாகிறது.

அந்தச் சுழியைச் சுற்றி இப்போது புதுக் குழாய்கள். சீப்பில் சிக்கிய முடி போலச் சன்னமாக, தாறுமாறாக. ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைசியாக நான் எடுத்தபோது பளிங்கு போல் இருந்த கண். இடது கண் படமும் கூடவே வந்தது. அதில் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சிவப்பு. ஒரு நொடிகூட யோசிக்கத் தேவையில்லாத சிவப்பு.

சிவப்பு போட்டால் மதுரைக்குப் போவார்.

படத்தின் கீழ் ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருந்தது. இமைமுடியின் நிழல். பொய் இல்லை, இருந்தது. சாம்பல் போட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டை மெர்லினிடம் கொடுத்துவிட்டேன். பசிக்கவில்லை.

ஜனவரி 21

விதிப்படி, சந்தேகம் இருந்தால் சாம்பல் போடலாம். பெரிய கேமராவில் எடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும், அவருக்கே நல்லது. டாக்டர் ரஹ்மத் இங்கேதான் இருக்கிறார். அவர் ஊசி போட்டால் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது.

தேதி பிப்ரவரி 10, காலை ஒன்பதரை. பட்டியலில் அந்த நம்பரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து முருகன் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அரை மில்லி இல்லை, முக்கால். நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்து, சரி என்று சொன்னால்தான் அந்த மிஷின் ஓடும். சொல்கிற ஆள் அவர். முக்கால் மில்லி அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் தேதியே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ பழுதான டைரி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

ஜனவரி 26

விடுமுறை. ஒட்டடை அடித்தேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். தலைக்கு டை போட்டேன். நரை தெரிந்தது, வேறு காரணம் இல்லை.

பிப்ரவரி 1

எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு வருஷமாக இதற்கு வேறு என்னென்னவோ பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5

மெக்கானிக் வந்தார். மோட்டார் ஓடுகிறது.

கேமரா அறையில் எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொல்ல வேண்டும். நாடியை இதில் வைங்க. நெத்தியை ஒட்டுங்க. பச்சைப் புள்ளியைப் பாருங்க. வேறு பேச்சு வேண்டாம். அவராகப் பேசினால் பார்த்துக்கொள்ளலாம். அவர் என்ன பேசுவார் என்று நாலைந்து விதமாக யோசித்து, எல்லாவற்றுக்கும் பதிலும் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10

ஒன்பது மணிக்கே கேமரா அறைக்குப் போய்விட்டேன். இன்றைக்கு மெர்லின் முறை. மாற்றிக்கொண்டேன். "என்னக்கா, புதுச் சேலை?" என்றாள். பழசுதான் என்றேன். விலைச்சீட்டு உள்ளே தொங்கியிருக்கிறது. அவள்தான் பிய்த்துவிட்டாள்.

ஒன்பதரை. பத்தரை. பன்னிரண்டு. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ.

நாலு மணிக்கு அறையைப் பூட்டினோம். பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே "வரவில்லை" என்று நானே எழுதினேன்.

பிப்ரவரி 13

சாம்பல் போட்டவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். "படம்தான சரியா விழல, கண்ணுக்கு ஒண்ணும் இல்லல்லா" என்று இருந்துவிடுவார்கள். பதினேழு வருஷமாக எனக்கு இது தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், முடிந்தவரை சாம்பல் போடாதீர்கள் என்று சொல்வதே நான்தான். இருபதாம் தேதி அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று நான் எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 14

அவர் தும்மினால் ஒரு தும்மலோடு நிற்காது. ஆறேழு தும்மல் வரும். இன்று முழுக்க அதே நினைப்பு.

டாக்டரிடம் நாளை சொல்கிறேன்.

பிப்ரவரி 15

நாளை ஞாயிறு. திங்கட்கிழமை சொல்கிறேன்.

பிப்ரவரி 17

காலையில் முதல் வேலையாக டாக்டர் ரஹ்மத்திடம் போனேன். நம்பரைச் சொல்லி, "மேடம், இதை ஒரு தடவை பாருங்க, தப்பாப் போட்டுட்டேன்னு தோணுது" என்றேன். படத்தைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கோமதி, இதையா கிரே போட்டீங்க? நீங்களா?"

"ஓரம் மங்கலா இருந்துச்சு மேடம்."

"சரி விடுங்க. ஒரு நாளைக்கு நூத்தம்பது படம் பாக்கிறீங்க. மனுஷங்கதானே" என்றார். திட்டியிருக்கலாம். உடனே போன் போடச் சொன்னார்.

அவர் நம்பர் என்னிடம் ஆறு வருஷமாக இருக்கிறது. நானே போட்டேன். அணைத்துவைத்திருந்தது. அச்சகத்துக்குப் போட்டேன். அழகுமலை என்று ஒருத்தர் எடுத்தார், கூட வேலை பார்க்கிறவராம்.

"ஆவுடையண்ணனா? அவரு நேத்துக் காலையில இருந்து ரூம்ல படுத்துக் கெடக்காரு. வலது கண்ணுல புகை மாதிரி வந்து, மத்தியானத்துக்குள்ள மூடிக்கிருச்சாம். சூடுன்னு வெளக்கெண்ணெய் வச்சிருக்கோம். நீங்க யாரு?"

ஆஸ்பத்திரி என்றேன். உடனே மதுரைக்குக் கூட்டிப் போங்கள், இந்த நிமிஷமே கிளம்புங்கள் என்றேன். போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்கிற சத்தம் வந்தது. திரும்ப வந்து சொன்னார்:

"மதுரைக்கு வரமாட்டாராம். திருநெல்வேலின்னா வாறேன்னு சொல்லுதாரு."

பிப்ரவரி 18

வந்தார்.

அழகுமலை கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு வெளியே போனார். இளைத்திருக்கிறார். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. வலது கண்ணில் பார்வை இல்லை. இடது கண்ணில் ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது.

எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னேன். "நாடியை இதில வைங்க." குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். தலை சரிந்திருந்தது. நெற்றியைத் தொட்டு நேராக்கினேன்.

"கை சில்லுன்னு இருக்கு" என்றார். "ஏசி ரூம்ல இன்னும் ஸ்வெட்டர் போட மாட்டியாட்டி?"

கேமராவை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தேன். பிறகு கேட்டேன், "ஜனவரியில அங்க படம் எடுக்க வந்தீங்கள்லா?"

"வந்தேன். ஆறு வருசமா டாக்டர் பக்கம் தலை வச்சுப் படுக்காதவன் போனேன். எடுத்த பிள்ளைகிட்ட இது எங்க போவும்னு கேட்டேன். திருநெல்வேலிக்குன்னா. சரி, ஒரு தடவை அவ பாத்துக்கிடட்டும்னு உக்காந்தேன்."

"பொறவு தேதி குடுத்தப்ப ஏன் வரல?"

"படம் தெளிவில்லைன்னு மெசேஜ் வந்துச்சு." மோவாயைத் தாங்கியிலிருந்து எடுக்காமலே பேசினார். "நீ பாத்திருந்தா அந்தச் சுழியைக் கண்டுபிடிச்சிருப்ப. உனக்கு அரை நிமிசம் ஆவாது. வேற யாரோ பாத்திருக்காங்க, கோமதி அங்க இல்ல போலன்னு நெனச்சேன். நீ இல்லாத எடத்துக்கு நான் எதுக்கு வரணும்? நேத்து ஆஸ்பத்திரில இருந்து ஒரு பொம்பளை பதறிப் பேசுதான்னு அழகுமலை சொன்னப்பதான், நீயா இருக்கும்னு தோணுச்சு."

நான்தான் பார்த்தேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "பச்சைப் புள்ளியைப் பாருங்க" என்றேன்.

"எந்தப் புள்ளி?" என்றார்.

பிளாஷ் அடித்தது. திரை முழுக்கக் கருஞ்சிவப்பு. மஞ்சள் வட்டம் இல்லை, சுழி இல்லை, ஒன்றும் இல்லை. சாம்பல் பொத்தானை அழுத்தினேன். இந்தத் தடவை அது உண்மை.

பிப்ரவரி 19

இடது கண்ணுக்கு ஊசி போட்டாயிற்று. நீர் வற்றினால் அதில் ஓரளவு பார்வை வரும் என்கிறார் டாக்டர். வலது கண்ணுக்கு, ரத்தம் தானாக வடிகிறதா என்று ஒரு மாதம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபரேஷன். அதிலும் எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாதாம். "நாலு வாரம் முன்னாடி லேசர் வச்சிருந்தா இது பொத்திருக்காது" என்று பொதுவாகச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அழகுமலைக்கு மிஷின் நிற்கிறதாம். "அக்கா, கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கிடுங்க" என்று என் வீட்டில் விட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அவர் ஒவ்வொரு சுவராகத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். பீரோவைத் தொட்டு, "இதை நகத்திட்டியா?" என்று கேட்டார். துவைத்த திரைச்சீலையும் டை போட்ட தலையும் அவருக்குத் தெரியாது. ஆறு வருஷமாக நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 20

என் சமையலை அவர் இன்னும் மறக்கவில்லை. "புளி கொஞ்சம் தூக்கல்" என்றார். சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பிப்ரவரி 22

இன்று டாக்டரிடம் முழுவதையும் சொன்னேன். தெரிந்தேதான் சாம்பல் போட்டேன் என்று சொன்னேன். யார் அந்த ஆள் என்றும் சொன்னேன். டாக்டர் அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தார். "அன்னைக்கு உங்களுக்கு ஆறுதல் வேற சொன்னேன்" என்றார். படம் பார்க்கிற வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை இருக்கும். அது சரிதான், நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

கூட்டத்துக்குப் பேசும்போது பட்டினி கிடக்கிற செல்லைக் குற்றவாளி போலவே சொல்லிவந்திருக்கிறேன். அது கேட்டது ரத்தம்தான். கேட்ட அவசரத்தில் கண்ணையே கெடுத்தது. இனி அந்தப் பேச்சை யாராவது வேறு ஆள் பேசட்டும்.

பிப்ரவரி 23

ஞாயிறு. காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"டைரி வந்துச்சா?"

"வந்துச்சு."

"கலர் சரியா உக்காந்திருந்துச்சா? கடைசி நேரத்துல எனக்குச் சரியாவே தெரியல. குத்துமதிப்பா விட்டேன்."

சரியாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அவரால் எடுத்துப் பார்க்க முடியாது. "முக்கால் மில்லி தள்ளி நிக்கி. முருகனுக்கு உதடு கன்னத்துல இருக்கு" என்றேன்.

"நெனச்சேன்" என்றார். பிறகு, "ரெண்டு நாளாப் பேனாச் சத்தம் கேக்கு. அதுலதான் எழுதுதியா?"

"ஆமா."

"என்ன எழுதியிருக்க? படி, கேப்போம்."

இரண்டாம் தேதியிலிருந்து படித்தேன். கூரியர்காரருக்குச் சிரித்தார். பிஸ்கட்காரருக்கு இன்னும் நன்றாகச் சிரித்தார். பொங்கலன்று எழுதியதற்குச் சிரிக்கவில்லை. "ஜிலேபியை இன்னும் மறக்கலியா நீ" என்று மட்டும் சொன்னார்.

இருபதாம் தேதி வந்தது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "என்ன, தண்ணி குடிக்கியா?" என்றார்.

படித்தேன். எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும் என்பதைப் படித்தேன். ஒரு நொடிகூட யோசிக்கத் தேவையில்லாத சிவப்பு என்பதையும், சாம்பல் போட்டேன் என்பதையும் படித்தேன். நிறுத்தாமல் பிப்ரவரி ஒன்றாம் தேதியையும், தள்ளித் தள்ளிப் போட்ட நாட்களையும், நேற்றையதையும் படித்து முடித்தேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் சோறு வைத்தேன். அளக்காமல் வைத்தேன். பாதி சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அழகுமலைக்குப் போன் போட்டுக் கொடு என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பையை எடுத்துக் கட்டிலருகில் வைத்தேன். கேட்டால் தேட வேண்டாம் என்பதற்காக.

நாலு மணிக்குச் சொட்டு மருந்து. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"மருந்து" என்றேன்.

அசையவில்லை. வைத்துவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தபோது எழுந்து உட்கார்ந்தார். நான் எங்கே நிற்கிறேன் என்று கையை நீட்டித் தடவி, என் முழங்கையைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தினார்.

எத்தனையோ பேருக்கு மருந்து விட்டிருக்கிறேன். கண்ணை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இன்று அந்த முகத்தைப் பார்த்தேன். மீசை முழுக்க நரைத்துவிட்டது. மேல் உதட்டோரம் ஒரு சின்னப் பள்ளம், அது எப்போதும் இருந்திருக்க வேண்டும். வலது புருவத்தில் ஒரு தழும்பு, எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது.

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"இன்னொண்ணு விடு" என்றார்.